47 பேர் வாழ்ந்த தீவில் ஒரு வழக்கு: பிட்கேர்னும் சேர்வராயன் மலையும்

பசிபிக் பெருங்கடலின் நடுவே, நியூசிலாந்துக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையில், பிட்கேர்ன் என்று ஒரு தீவு. பரப்பளவு 5 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. விமானம் இறங்க வழியில்லை, கப்பல் கட்டத் துறைமுகமும் இல்லை. கப்பல் தள்ளி நிற்கும். தீவின் ஆண்கள் நீளப் படகுகளில் போய் ஆட்களையும் சரக்கையும் கரைக்கு ஏற்றி வருவார்கள். 2004இல் அங்கே இருந்தவர்கள் மொத்தம் 47 பேர். அந்த ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி, தீவில் வாழ்ந்த 7 ஆண்கள் மீது நீதிமன்ற விசாரணை தொடங்கியது. சிறுமிகள் மீது நடந்த பாலியல் குற்றங்கள், மொத்தம் 55 குற்றச்சாட்டுகள். தீவின் மேயரும் அந்த 7 பேரில் ஒருவர்.

நான் சேலத்தில் வழக்கறிஞர். சட்ட விழிப்புணர்வு முகாம்களுக்காக, சேர்வராயன் மலையில் ஏற்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போவது வழக்கம். முகாமில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவுகளைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். பிட்கேர்ன் கதையைச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் பெண்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். தீவு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அங்கே போலீஸ் யார், அவர் யாருக்குச் சொந்தம் என்று கேட்டார்கள். இந்த வழக்கை முழுசாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

தீவும் அதன் ஆட்களும்

1789 ஏப்ரலில் பவுண்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் மாலுமிகள் கலகம் செய்து கேப்டனைப் படகில் இறக்கிவிட்டார்கள். கலகக்காரர்களில் 9 பேர், தாஹிட்டி முதலான பாலினீசியத் தீவுகளைச் சேர்ந்த சில ஆண்களையும் பெண்களையும் கூட்டிக்கொண்டு 1790 ஜனவரியில் பிட்கேர்னுக்கு வந்து கப்பலைக் கொளுத்தினார்கள். அந்தப் பெண்களில் பலர் விரும்பி வந்தவர்கள் இல்லை. பத்தே ஆண்டுகளில், ஆண்கள் ஒருவரையொருவர் கொன்றும் நோயில் செத்தும், ஜான் ஆடம்ஸ் என்ற ஒரே ஒரு ஆண் மிஞ்சினார். ஊரின் பெயரே ஆடம்ஸ்டவுன்.

அந்தக் குடும்பங்களின் வாரிசுகள்தான் இன்றைய தீவு மக்கள். 1838இலேயே அங்கே சட்டம் எழுதப்பட்டது. பெண்களுக்கு வாக்குரிமை அப்போதே உண்டு. பிற்பாடு ஊரே அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தது. வெளியுலகத்துக்கு அது பக்தியான, அமைதியான சொர்க்கம். தபால் தலையும் மரச் செதுக்கு வேலையும் விற்றுப் பிழைத்தார்கள்.

நிர்வாகம் என்று பார்த்தால், வெலிங்டனில் இருக்கும் பிரிட்டிஷ் ஹைகமிஷனர்தான் தீவின் கவர்னர். இடையில் 5,000 கிலோமீட்டருக்கும் மேல் கடல். தீவுக்குள் இருந்த மேஜிஸ்ட்ரேட் தீவுக்காரர், காவலரும் தீவுக்காரர். வெளியிலிருந்து வந்து தங்கியவர்கள் பள்ளி ஆசிரியரும் சபைப் போதகரும்தான். ஆசிரியருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. அரசின் ஆலோசகர் என்ற பெயரில் கவர்னருக்குத் தீவு நிலவரத்தைத் தெரிவிக்க வேண்டியவர் அவர். ஒருவர் மாற்றி ஒருவராக எத்தனையோ ஆசிரியர்கள் வந்துபோனார்கள். பல பத்தாண்டுகளாக நடந்தது வெளியே வரவில்லை.

எப்படி வெளியே வந்தது

1996இல் ஒரு புகார் தொடர்பாக இங்கிலாந்தின் கென்ட் காவல்துறையிலிருந்து அதிகாரிகள் தீவுக்குப் போனார்கள். அது வழக்காகவில்லை. ஆனால் தீவின் காவலருக்குப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் அப்போது பிறந்தது. அதற்காக அனுப்பப்பட்டவர் கென்ட்டின் பெண் காவலர் கெயில் காக்ஸ். 1999இல் அவர் தீவில் இருந்தபோது 15 வயதுச் சிறுமி ஒருத்தி வாய்திறந்தாள். அந்த ஒரு புகாரிலிருந்து நூல் பிடித்துப் போனதுதான் 'ஆபரேஷன் யுனீக்' என்ற போலீஸ் விசாரணை.

விசாரணை அதிகாரிகள் அடுத்துச் செய்த காரியம்தான் இந்த வழக்கின் முதுகெலும்பு. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் பிட்கேர்னில் வாழ்ந்த ஒவ்வொரு பெண்ணையும் தேடிப் போனார்கள். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று அவர்கள் போய்ச் சேர்ந்த இடமெல்லாம் போய், தனித்தனியாகப் பேசினார்கள். ஊருக்குள் போய் ஒரு கூட்டம் போட்டு 'யாருக்காவது புகார் இருக்கிறதா' என்று கேட்டிருந்தால் ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டாள். தீவைவிட்டு வந்து பல வருஷம் ஆன பெண்கள், தங்கள் வீட்டில், தங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் பேசினார்கள் என்று வைத்துக்கொண்டால், அது எப்படிப்பட்ட பேச்சாக இருந்திருக்கும் என்று புரியும். ஒரே மாதிரியான கதைகள் வந்தன. சில சம்பவங்கள் 1960கள் வரை பின்னோக்கிப் போயின.

எல்லோரும் கடைசிவரை நிற்கவில்லை. குடும்பத்தின் நெருக்கடியில் புகாரைத் திரும்பப் பெற்றவர்கள் உண்டு. அவர்கள் அம்மாவும் அத்தையும் இன்னும் தீவில்தான் இருந்தார்கள்.

கோர்ட்டு தீவுக்குப் போனது

விசாரணையை நியூசிலாந்திலேயே நடத்த 2002இல் அந்த நாடு தனிச்சட்டமே போட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் மண்ணில்தான் விசாரிக்க வேண்டும் என்று வாதாடி வென்றார்கள். சரி என்று, நியூசிலாந்து நீதிபதிகள் மூவர், அரசு வழக்கறிஞர் சைமன் மூர் தலைமையில் ஒரு அணி, எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள், காவலர்கள், பத்திரிகையாளர் 6 பேர் என்று ஒரு படையே கடல் வழியாகப் போய் இறங்கியது. சிறுமிகளாக இருந்தபோது பாதிக்கப்பட்ட பெண்கள் நியூசிலாந்தில் இருந்தபடியே செயற்கைக்கோள் வழியாக வீடியோவில் சாட்சி சொன்னார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கப்பலிலிருந்து ஆட்களைக் கரைக்குக் கொண்டுவரப் படகு ஓட்டத் தெரிந்த, உடம்பில் வலுவுள்ள ஆண்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்களில் பாதிப்பேர் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியவர்கள். ஆக, தங்களை விசாரிக்க வந்தவர்களையே அவர்கள் படகோட்டிக் கரை சேர்த்தார்கள். தீவில் புதிதாகக் கட்டிய சிறைச்சாலையின் கட்டுமான வேலையிலும் அவர்கள் கை இருந்தது. விசாரணைக்கு முன்பு, 2004 ஆகஸ்டில், தீவில் இருந்த சுமார் 20 துப்பாக்கிகளை வாங்கி வைத்தார்கள். யாரும் யாரையும் மிரட்டியதற்காக இல்லை, ஒரு வார்த்தை கூடிப்போனால் என்ன ஆகும் என்ற பயத்தில்.

விசாரணைக்கு ஓரிரு நாள் முன்பு தீவின் பெண்கள் சிலர், மேயர் வீட்டில் பத்திரிகையாளர்களைக் கூட்டிப் பேசினார்கள். எங்கள் ஆண்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை, இங்கே பெண்பிள்ளைகள் சீக்கிரம் பெரியவர்களாகிவிடுவார்கள், இது பாலினீசிய வழக்கம், இஷ்டப்பட்டு நடந்ததைக் கற்பழிப்பு என்கிறார்கள் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். அந்தப் பெண்கள் பொய் சொன்னார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அவர்களும் அதே தீவில் சிறுமிகளாக இருந்தவர்கள். ஆண்கள் சிறைக்குப் போனால் படகை யார் தள்ளுவது, மருந்தும் மாவும் எப்படிக் கரைக்கு வரும் என்ற பயமும் அந்தப் பேச்சில் இருந்தது.

அக்டோபர் 24ஆம் தேதி தீர்ப்பு வந்தது. 7 பேரில் ஒருவர் விடுதலை, 6 பேர் குற்றவாளிகள். 4 பேருக்கு 2 முதல் 6 ஆண்டுகள் வரை சிறை. 2 பேருக்குச் சமூகச் சேவை. தீவின் நிலையைக் கணக்கில் எடுத்தே தண்டனையைக் குறைத்தார்கள் என்பது வெளிப்படை. மேல்முறையீடு முடியும் வரை சிறைக்குப் போவதும் தள்ளிப்போனது.

மேல்முறையீட்டில் இரண்டு வாதங்கள் முக்கியம். ஒன்று, பவுண்டி கப்பலை எரித்த அன்றே எங்கள் முன்னோர்கள் பிரிட்டனோடு உறவை அறுத்துவிட்டார்கள், எனவே பிரிட்டிஷ் சட்டம் எங்களைக் கட்டாது என்பது. இது நிற்கவில்லை. இரண்டாவது வாதத்தில் விஷயம் இருந்தது. 1956ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பாலியல் குற்றச் சட்டம் எங்களுக்குப் பொருந்தும் என்று யாரும் தீவுக்கு வந்து சொல்லவில்லை, தெரியாத சட்டத்துக்கு எப்படித் தண்டிப்பீர்கள் என்றார்கள். இந்த வழக்கின் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 2006 அக்டோபர் 30ஆம் தேதி மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தை மக்களுக்கு முறையாக அறிவிக்காததைப் பற்றி நீதிபதிகளில் சிலர் கவலை தெரிவித்தார்கள். ஆனாலும் ஒரு பெண்ணை வன்புணர்வது குற்றம் என்று தெரிந்துகொள்ளப் புத்தகம் தேவையில்லை என்பதே முடிவு.

இரண்டாவது வாதம் தோற்றதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனாலும் அதை எழுப்பியது அரசுக்கு நல்ல அடி. சட்டம் என்று ஒன்று இருப்பதை ஒரு சமூகத்துக்குப் போய்ச் சொல்லாமல் இருந்துவிட்டு, 40 ஆண்டு கழித்துப் படையோடு போய் இறங்குவது அரசின் தவறுதான். அந்த 40 ஆண்டுகளின் விலையைக் கொடுத்தவர்கள் சிறுமிகள்.

ஏன் அத்தனை வருஷம்

போலீஸ் இல்லாததால்தான் நடந்தது என்று பலர் முடித்துவிடுகிறார்கள். போலீஸ் இருந்தது. மேஜிஸ்ட்ரேட்டும் இருந்தார். வெளியாள் இல்லாததால் நடந்தது என்றும் சொல்ல முடியாது, ஆசிரியரும் போதகரும் இருந்தார்களே. என் கணிப்பு இதுதான்: புகாரைக் கேட்க வேண்டிய ஒவ்வொருவரும் ஏதோ ஒரு விதத்தில் குற்றவாளியின் தயவில் வாழ்ந்தார்கள். காவலர் சொந்தக்காரர். ஆசிரியருக்கு வீட்டுச் சாமான் வந்து இறங்க அவர்கள் படகு வேண்டும். போதகருக்கு அவர்கள் வந்தால்தான் சபை நடக்கும். கவர்னர் ஒருவர்தான் யார் தயவிலும் இல்லை, அவர் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தார்.

கெயில் காக்ஸ் இரண்டுக்கும் நடுவில் வந்தவர். தீவில் தங்கினார், பிள்ளைகளோடு பழகினார், ஆனால் அவர் சோறு தீவுக்காரர் கையில் இல்லை. ஒரு நாள் வந்து விசாரித்துவிட்டு மறுநாள் கப்பலேறுகிறவரிடம் எந்தச் சிறுமி பேசுவாள்? ஊரிலேயே பெண் எடுத்து ஊரிலேயே சாகப்போகிறவரிடமும் பேச மாட்டாள்.

இதை வைத்து மலைக்கு வருவோம்

சேர்வராயன் மலை தீவு கிடையாது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. காவல் நிலையம், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் எல்லாம் இருக்கிறது. ஆனால் சுற்றுலாக்காரர்கள் படகு விடும் ஏரியைத் தாண்டி செம்மநத்தம், மாரமங்கலம் பக்கம் உள்ளே போனால், மிளகுக் கொடியும் காப்பிச் செடியுமாக, நாற்பது ஐம்பது வீடுகள் கொண்ட ஊர்கள் வரும். ஒவ்வொரு ஊரிலும் எல்லோரும் எல்லோருக்கும் மாமன் மச்சான், பங்காளி. சாயங்கால பஸ் போய்விட்டால் அவ்வளவுதான். ஊர்க்கவுண்டர் வைத்ததுதான் தீர்ப்பு என்று பல தகராறுகள் இன்றும் ஊருக்குள்ளேயே தீர்கின்றன. வேலித் தகராறு, மாடு மேய்ந்த தகராறு, பாகப்பிரிவினை என்றால் அதில் தப்பும் இல்லை. கோர்ட்டுக்கு வந்து பத்து வருஷம் அலைவதைவிட அது நல்லது.

குழந்தை மீதான குற்றமும் அதே பந்தலில் போய் உட்காரும்போதுதான் பிட்கேர்ன் ஞாபகம் வருகிறது. மலைக்காரர்கள் மட்டும்தான் இப்படி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கீழே சேலம் நகரத் தெருக்களிலும் 'குடும்ப மானம்' என்று மூடி மறைப்பது நடக்கிறது. சிறிய ஊரில் கூடுதலாக ஒரு கஷ்டம்: கேட்பவர், செய்தவர், பார்த்தவர் மூவரும் ஒரே விசேஷத்தில் பந்திக்கு உட்கார வேண்டியவர்கள். எஸ்டேட் வேலையும் வீடும் ஒருவர் கையில் இருக்கிற இடத்தில் அந்தக் கஷ்டம் இரட்டிப்பு.

முகாமில் போக்சோ என்ற வார்த்தையைச் சொன்னதும் பெரியவர்கள் முகம் இறுகும். பதினேழு வயதுப் பெண்ணோடு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட பையன் ஜெயிலுக்குப் போன சங்கதிதான் அவர்களுக்கு போக்சோ. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தின் மறைவில், எட்டு வயதுப் பிள்ளையைத் தொட்டவனும் தப்பித்துக்கொள்கிறான். இரண்டையும் பிரித்துப் பேசாமல் மலையில் இந்தச் சட்டத்தை யாரும் நம்ப வைக்க முடியாது.

போலீசை நம்பாததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்த ஆய்வு பொய்யாகிவிடும். பக்கத்து தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில், வாச்சாத்தி. 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊரில் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கொண்டுவந்து அடைத்தது எங்கள் சேலம் மத்திய சிறையில். 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தீர்ப்பு வந்தபோது அதில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதே செப்டம்பர் 29ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வாச்சாத்தி மக்களும் சேர்வராயன் மலை மக்களும் ஒரே மலையாளிப் பழங்குடி (கேரளத்து மலையாளிகள் இல்லை). காக்கிச் சட்டை ஊருக்குள் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளும் பாட்டிகளிடம், 'போலீசில் சொல்லுங்கள்' என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

ஆக, வெளியாள் வந்தாலே நீதி வந்துவிடும் என்று பிட்கேர்னிலிருந்து பாடம் எடுத்தால் பாதிதான் சரி. வந்தவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதும் முக்கியம். பிட்கேர்னில் வந்த போலீசின் ஒவ்வொரு அடியையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும், மூன்று அடுக்கு நீதிமன்றமும், பத்திரிகைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாச்சாத்தியில் அன்று பார்க்க ஒருவரும் இல்லை. 1995இல் சி.பி.ஐ. வந்த பிறகுதான் வழக்கு நகர்ந்தது.

ஒரு முகாமில், பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில், தலைமேல் இருந்த விறகுச் சுமையை இறக்கிவைத்துவிட்டு நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, எல்லாம் முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: அந்தப் பிள்ளைகள் அப்புறம் ஊருக்குத் திரும்பிப் போனார்களா? பெரும்பாலும் போகவில்லை என்று சொன்னேன். புகார் சொன்னவர்களில் அநேகர் அதற்கு முன்பே தீவைவிட்டு வந்து வேறிடத்தில் குடும்பமாகிவிட்டவர்கள். அதனால்தான் சொல்லவே முடிந்தது. அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, இங்கே புகார் சொல்கிற பிள்ளை ராத்திரி அதே ஊரில்தான் படுக்கணும் சாமி என்றார்.

நான் படித்த எந்தத் தீர்ப்பிலும் இவ்வளவு துல்லியமாக இந்தப் பிரச்சினை வைக்கப்படவில்லை. போக்சோ சட்டம் இதை ஓரளவு யோசித்திருக்கிறது. 24ஆம் பிரிவின்படி குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். முடிந்தவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும். கோர்ட்டில் சாட்சி சொல்லும்போது குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்க நேரக் கூடாது என்கிறது 36ஆம் பிரிவு. தெரிந்தும் சொல்லாமல் மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு, அது ஊர்ப் பெரியவருக்கும் ஹாஸ்டல் வார்டனுக்கும் சேர்த்துத்தான். ஊர் கூடி சமரசம் பேசி முடித்துக்கொள்ள இந்தக் குற்றத்தில் இடமே இல்லை. குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது 23ஆம் பிரிவு.

ஐம்பது வீட்டு ஊரில் அந்த 23ஆம் பிரிவு எப்படி நிற்கும்? அதிகாரி சேலை கட்டிக்கொண்டு வருவார், ஆனால் வருவது போலீஸ் ஜீப்பில். ஜீப் எந்த வீட்டு முன் நின்றது என்று அரை மணியில் அடுத்த ஊருக்கும் தெரிந்துவிடும். பிட்கேர்ன் வழக்கிலும் பெண்களின் பெயரைப் பத்திரிகைகள் போடவில்லை, தீவில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

தீர்ப்புக்குப் பிறகு பிட்கேர்னில் செய்த ஏற்பாடு இதற்குப் பதில் தேடுகிறது. நியூசிலாந்திலிருந்து போலீஸ் அதிகாரியும் சமூக சேவகரும் சுழற்சி முறையில் தீவிலேயே தங்கினார்கள். யாருக்கும் வழக்கு இல்லாத நாளிலும் அவர்கள் அங்கே இருந்தார்கள், அதனால் அவர்களிடம் ஒரு பெண் பேசிக்கொண்டு நின்றால் அது செய்தியாகாது. 16 வயதுக்குக் கீழான பிள்ளைகளோடு தீவுக்குப் போக விரும்புகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்றும் விதி வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று இல்லை. 2008 முதல் 2013 வரை மேயராக இருந்த ஒருவர், குழந்தைகளின் ஆபாசப் படங்களை வைத்திருந்ததற்காக 2016இல் தண்டனை பெற்றார். ஆனால் இந்த முறை குற்றம் வழக்காக நாற்பது வருஷம் ஆகவில்லை, பதவியில் இருந்தபோதே, 2010இல், அவர் மீது குற்றச்சாட்டு பதிவானது.

ஏற்காட்டில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அதிகாரியைத் தங்க வைக்க முடியாது. ஆனால் புதன்கிழமை தடுப்பூசி நாள். துணை சுகாதார நிலையத்துக்குக் கைக்குழந்தையோடும் பள்ளிப் பிள்ளையோடும் பெண்கள் வருவார்கள். எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மாதத்தில் ஒரு புதன்கிழமை, மலைக்கு வெளியே பணியாற்றும் ஒரு பெண் எஸ்.ஐ.யும் வழக்கு முழுக்கக் குழந்தைக்குத் துணை நிற்க, மலையாளிச் சமூகத்தைச் சேர்ந்த ஒரு ஆதரவு நபரும் நர்ஸ் அம்மாவின் அந்த உள் அறையில், ஜீப் இல்லாமல், பஸ்ஸில் வந்து உட்கார வேண்டும், ஒரே ஆள் குறைந்தது இரண்டு வருஷமாவது தொடர்ந்து வர வேண்டும். அடுத்த முகாமுக்கு அனுமதி கேட்கும் கடிதத்தில் இதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். கூடவே, குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐ ஊர் மந்தையில் எழுதாமல், பெண்கள் தண்ணீர் பிடிக்கும் தொட்டிச் சுவரிலும் பள்ளிக் கழிவறைக் கதவின் உட்புறத்திலும் எழுத அனுமதி கேட்டிருக்கிறேன்.